வன்னி மண்ணின் விளைச்சலும் வைகாசிப் பொங்கலும்



'தை பிறந்தால் வழி பிறக்கும்' என்பது தமிழர் வாழும் இடமெல்லாம் வழங்கும் முதுமொழி. தை முதலாந் திகதி புதுப்பானையில் பொங்கிச் சூரியனுக்குப் படைப்பதையே நாம் அறுவடைத் திருநாள் என்று பாடப்புத்தகத்திலும் படித்தோம், பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்கிறோம். ஆயின், அந்தத் தை முதல்நாளில் வன்னிப் பெருநிலத்துக் கமக்காரன் ஒருவனை அவனது வயலில் சென்று பார்த்தால் நிலைமை சற்று வேறாக இருக்கும். முற்றத்தில் அவன் பொங்கியிருப்பான், சூரியனைக் கும்பிட்டிருப்பான். ஆனால் அவனது நெல் பெரும்பாலும் இன்னும் வயலிலேயே நிற்கும். கதிர் பால் முற்றி மணியாகும் காலம் அது. அன்றிரவும் அவன் காவற் பரணில் தீ மூட்டிப் பன்றிக்கும் யானைக்கும் விழித்திருக்க வேண்டியவன். விளைச்சலுக்கு நன்றி சொல்லும் வேளை அவனுக்கு இன்னும் வரவில்லை.

அவ்வேளை எப்போது வருகிறது? யாருக்கு அவன் நன்றி சொல்கிறான்? இந்த வினாக்களைக் கையிற் பிடித்துக்கொண்டு முல்லைத்தீவு மாவட்டத்தின் சிறுபட்டினமாகிய முள்ளியவளைக்கு உங்களை இன்று அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

முல்லைத்தீவுக் கடற்கரையிலிருந்து உள்நாட்டை நோக்கிச் செல்லும் வீதியில், சில கல் தொலைவில் இருப்பது முள்ளியவளை. அதனோடு ஒட்டியிருப்பது பெயருக்கேற்ப ஊற்று நீர் சுரக்கும் தண்ணீரூற்று. கிழக்கே நந்திக்கடல் என்னும் பரவைக்கடல். அதன் கரையில் வற்றாப்பளை, அப்பால் கேப்பாப்புலவு. தெற்கே குமுழமுனையும், அதன் வயல்களுக்கு நீர் தரும் தண்ணிமுறிப்புக் குளமும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காடு, நடுவே குளமும் வயலும் என அமைந்த இந்த நிலத்தில் முல்லையும் மருதமும் நெய்தலும் ஒரே நாளில் நடந்து பார்க்கக்கூடிய தூரத்தில் கிடக்கின்றன. சங்க இலக்கியம் படித்த ஒருவர் இங்கு வந்தால் திணைகளை ஏட்டிலிருந்து இறக்கி மண்ணில் வைத்ததுபோல உணர்வார்.

ஊரின் பழமை சிறிதன்று. வன்னி நாடு பனங்காமம், முள்ளியவளை, கரிக்கட்டுமூலை, மேல்பற்று, கருநாவல்பற்று, தென்னமரவாடி முதலான பற்றுகளாகப் பிரிந்து வன்னியர்களால் ஆளப்பட்டது. அப்பற்றுகளில் ஒன்றின் தலையிடமே முள்ளியவளை. யாழ்ப்பாண அரசு வீழ்ந்த பின்னர் போர்த்துக்கேயரும், அவர்களுக்குப் பின்வந்த ஒல்லாந்தரும் வன்னியரிடம் யானைகளைத் திறையாகக் கேட்டனர். நெல்லையன்றி யானையைத் திறையாகக் கேட்ட அரசுகளின் கீழ் வாழ்ந்த கமக்காரரின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். வயலை அழிக்கும் விலங்கே வரியாகவும் செலுத்தப்பட்டது. குமுழமுனையைச் சார்ந்து வழங்கும் வேலப்பணிக்கன் ஒப்பாரி, மதங்கொண்ட யானையைப் பிடித்துக் கட்டிய அரியாத்தை என்னும் பெண்ணின் கதையைச் சொல்வது. பணிக்கர் என்போர் யானை பிடிப்போர். ஆண்கள் தயங்கி நின்ற இடத்தில் ஒரு பெண் கயிற்றோடு சென்றாள் என்பதை அந்த மக்கள் மறக்கவில்லை, பாட்டாக்கி வைத்துக்கொண்டார்கள்.

ஒல்லாந்தர் 1780 களில் படையனுப்பி வன்னியைத் தமது நேரடி ஆட்சிக்குள் கொண்டுவந்தனர். அதனை நிருவகித்த தோமஸ் நாகெல் என்பவர் 1793 இல் வன்னியைப் பற்றி எழுதிய அறிக்கை இன்றும் வரலாற்று மாணவருக்குப் பயன்படுகிறது. அதன்பின் ஆங்கிலேயர் வந்தனர். 1803 ஆம் ஆண்டு ஒகஸ்ட் மாதத்தில் பண்டாரவன்னியன் முல்லைத்தீவிலிருந்த ஆங்கிலேயரின் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினான். அதே ஆண்டு ஒக்டோபர் 31 ஆந் திகதி கற்சிலைமடுவில் வொன் ட்றிபேர்க் என்ற படை அதிகாரி அவனைத் தோற்கடித்தான். அவ்விடத்தில் நாட்டப்பட்ட கல் வென்றவனின் பெயரைச் சொல்லவே எழுந்தது. ஆனால் மக்கள் அந்தக் கல்லைப் பார்த்துத் தோற்றவனின் பெயரையே சொல்லி வந்தார்கள். முல்லைமணி எழுதிய 'பண்டாரவன்னியன்' நாடகம் 1960 களில் மேடையேறியபோது அந்த நினைவு மேலும் ஊன்றியது.

ஜே.பி. லூயிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி 1895 இல் வன்னி மாவட்டங்களைப் பற்றி எழுதிய கைந்நூலில் இப்பகுதியின் குளங்களும் கோயில்களும் பழக்க வழக்கங்களும் பதிவாகியுள்ளன. அரசர்களின் பெயர்களை விடவும் குளங்களின் பெயர்களே வன்னி வரலாற்றில் மிகுதி. குளம் உடைந்தால் ஊர் கலையும்; குளம் கட்டினால் ஊர் கூடும். வன்னியின் வரலாற்றை ஒரு வரியில் சொல்வதானால் அவ்வளவுதான்.

இனி, குளத்தின் கீழுள்ள வயலுக்கு வருவோம். வாடைக்காற்றோடு வரும் மாரி மழையை நம்பிப் புரட்டாதி, ஐப்பசியில் விதைப்பது பெரும்போகம். குளத்தில் எஞ்சிய நீரைக் கணக்கிட்டுச் சித்திரையை அண்டி விதைப்பது சிறுபோகம். குளம் நிரம்பாத ஆண்டில் சிறுபோகம் இல்லை. ஆகவே ஆண்டு முழுவதற்குமான சோறு பெரும்போகத்திலேதான் இருந்தது. விதைத்த நாள் முதல் அரிவு வெட்டும் நாள் வரை அந்த நெல்லுக்கு எதிரிகள் பலர். பண்டி எனப் பேச்சு வழக்கில் வழங்கும் பன்றி ஒன்று. வானத்திலிருந்து இறங்கும் குருவிக் கூட்டம் இன்னொன்று. வன்னி மக்கள் இவற்றையும் பாட்டிலிருந்து தள்ளிவைக்கவில்லை. பண்டிப்பள்ளு, குருவிப்பள்ளு என்று அவற்றின் பெயராலேயே பள்ளுகள் கட்டினார்கள். அரிவு வெட்டும்போது பாடும் அரிவிச் சிந்தும் இவற்றோடு சேர்ந்தது. செ. மெற்றாஸ்மயில் தொகுத்து 1980 இல் வெளிவந்த 'வன்னிவள நாட்டுப் பாடல்கள்' என்ற நூல் இவற்றை எழுத்தில் நிறுத்தியது. அத்தொகுப்பு அவ்வேளையில் வந்திராவிட்டால், பின்னர் வந்த இடப்பெயர்வுகளில் ஏடுகளோடு எத்தனை பாடல்கள் போயிருக்கும் என்பதை நினைக்கவே அச்சமாக இருக்கிறது.

மாசி, பங்குனியில் அரிவு வெட்டு. வரிசையாக நின்று வெட்டுவோர் கைப்பிடி கைப்பிடியாக அரிந்த தாளை உப்பட்டியாக வைத்துச் செல்வர். காய்ந்த உப்பட்டிகளைக் கட்டிச் சுமந்து களத்தருகே சூடாக அடுக்குவர். சூடு வைத்தல் எளிய வேலையன்று. மழை வந்தாலும் நீர் உள்ளே இறங்காதபடி கதிர் உள்ளும் தாள் வெளியுமாக அடுக்கத் தெரிந்தவர் ஊரில் சிலரே. பின்னர் நல்லநாள் பார்த்துச் சூடு மிதிப்பர். களத்தைச் செதுக்கி, சாணத்தால் மெழுகி, கதிரைப் பரப்பி, எருமைகளையும் எருதுகளையும் பிணைத்து இரவிரவாக மிதிக்க விடுவர். நிலவு இருந்தால் நல்லது. பிணையலின் பின்னால் நடப்பவர் தூங்கிவிடாதிருக்கவும், மாடு நின்றுவிடாதிருக்கவும் பாட்டு வேண்டும். அந்தப் பாட்டைக் கலை என்று அவர்கள் நினைத்திருக்கமாட்டார்கள். அது வேலைக் கருவிகளில் ஒன்று. அரிவாளைப் போல, சுளகைப் போல.

களத்துக்கென்று ஒரு மொழி இருந்தது. களத்தில் நிற்கும்போது நெல்லை நெல் என்று சொல்வதில்லை; 'பொலி' என்பர். பொலிதல் என்றால் பெருகுதல். முடிந்தது, குறைந்தது, போதாது என்ற சொற்களுக்கு அங்கே இடமில்லை. மட்டக்களப்பு வயல்களிலும் இதே வழக்கம் உண்டு. அங்கு அளக்கும் மரக்காலைக் 'கணக்கன்' என்றும், மிதிக்கும் மாட்டை 'வாரிக்காலன்' என்றும், கடகத்தைப் 'பெருவாயன்' என்றும் மறைபெயரிட்டு அழைத்தனர். சிங்களக் கமக்காரரிடமும் 'கமத்த' எனப்படும் களத்துக்குரிய தனிப்பேச்சு இருந்தது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பூதம் வந்து பொலியை அள்ளிக்கொண்டு போய்விடும் என்பது நம்பிக்கை. நம்பிக்கையை ஒருபுறம் வைத்துவிட்டுப் பார்த்தாலும் இதில் ஒரு பொருள் உண்டு. நான்கு மாதம் மழைக்கும் பன்றிக்கும் தப்பி வந்த நெல், வீடு சேரும் கடைசி இரவில் தான் மிகவும் பாதுகாப்பற்றிருக்கிறது. அந்த இரவில் வாயை அடக்கிப் பேச வேண்டும் என்று ஒரு சமூகம் தனக்குத் தானே விதி செய்துகொண்டது.

களத்திலேயே நெல் பங்காகும். வெட்டினவருக்கும் மிதித்தவருக்கும் கூலி நெல்லாகவே அளக்கப்படும். தச்சன், கொல்லன், வண்ணான், அம்பட்டன் என ஆண்டு முழுதும் ஊருக்குத் தொழில் செய்தோரும் களத்துக்கு வந்து தத்தம் பங்கைப் பெறுவர். கோயிலுக்கென்று ஒரு பங்கு தனியே வைக்கப்படும். இந்த ஒழுங்கில் சாதியின் கடுமையும் இருந்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அளப்பவன் அளக்க, வாங்குபவன் எட்டி நின்று வாங்கிய காலம் அது. பழமையைப் போற்றுவோர் பலர் இந்தப் பக்கத்தை விட்டுவிடுகின்றனர். ஆயினும் களத்து நெல் ஒரே வீட்டுக்குப் போனதில்லை என்பதும் உண்மையே.

நெல் முதன்முதலாக வீட்டுக்கு வருவதும் ஒரு சடங்கோடுதான். அதனைப் புதிர் எடுத்தல் என்பர். தைப்பூசத்தன்று அல்லது அதையொட்டிய நல்லநாளில், முற்றிய கதிர்களில் சிலவற்றை வழிபாட்டோடு அரிந்து வந்து, அதன் அரிசியைப் பழைய அரிசியோடு கலந்து சமைத்து, சுவாமிக்குப் படைத்து, வீட்டாரும் சுற்றத்தாரும் உண்பர். புதிர் உண்ணும் முன் புதுநெல்லை வாயில் வைப்பது தகாது. சிங்கள மக்களின் 'அலுத் சஹல் மங்கல்ய' என்னும் புத்தரிசி விழாவும் இதையே சொல்கிறது. முதல் விளைச்சலின் முதற்பிடி உழைத்தவனுக்கு உரியதன்று என்ற எண்ணம் இத்தீவில் மொழி கடந்து வேரூன்றியிருக்கிறது.

தையில் சூரியனுக்குப் பொங்கல், பூசத்தில் புதிர், பங்குனியில் களம். இத்தனையும் முடிந்து, நெல் கொம்பறைக்குள் ஏறி, கணக்குப் பார்த்து முடித்த பிறகுதான் முள்ளியவளை மக்களின் பெரும் பொங்கல் வருகிறது. அது வைகாசிப் பூரணையை அண்டி வரும் திங்கட்கிழமையில், வற்றாப்பளைக் கண்ணகை அம்மனுக்குப் பொங்கும் பொங்கல்.

வற்றாப்பளைக் கதையை அப்பகுதியில் அறியாத குழந்தை இல்லை. மதுரையை எரித்த கண்ணகி சினம் ஆறாது கடல் கடந்து இலங்கை வந்தாள். ஒவ்வோர் இடமாகத் தங்கிப் பத்தாவதாக வந்த இடமே 'பத்தாம் பளை' எனப்பட்டு வற்றாப்பளை ஆயிற்று என்பர். நந்திக்கடற் கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர்களிடம் ஒரு மூதாட்டி வந்தாள். தங்க இடம் கேட்டாள். சிறுவர்கள் குடில் கட்டிக் கொடுத்தார்கள், பொங்கியும் கொடுத்தார்கள். பொழுது பட்டது. விளக்கேற்ற எண்ணெய் இல்லை. கடல் நீரை அள்ளி விளக்கில் விடுங்கள் என்றாள் கிழவி. விட்டார்கள், விளக்கு எரிந்தது. பின்னர் தலையில் பேன் பார்க்கச் சொன்னாள். கூந்தலை விலக்கிய சிறுவர்கள் அங்கே ஆயிரம் கண்களைக் கண்டார்கள். வைகாசித் திங்களில் மீண்டும் வருவேன் என்று சொல்லி அவள் மறைந்தாள்.

இந்தக் கதையில் அரசன் இல்லை, குரு இல்லை, மந்திரம் இல்லை. தெய்வத்தை முதலில் கண்டவர்கள் மாட்டுக்காரப் பிள்ளைகள். அவர்கள் கொடுத்தது குடிலும் ஒரு பானைச் சோறும். காப்பியத்தில் நீதி கேட்டு அரசவைக்குச் சென்ற பெண், இங்கே இடம் கேட்டுச் சிறுவரிடம் வந்து நிற்கிறாள். நகரத்துக் கதை கிராமத்துக்கு வந்தபோது இவ்வாறு மாறியது. கோவலன் கதையைக் கூறும் 'சிலம்பு கூறல்' என்னும் பாடல் நூலும் இக்கோயில் மரபோடு சேர்ந்து வழங்குகிறது. இளங்கோவடிகளின் காப்பியத்தைக் கையால் தொட்டிராத மக்களுக்குச் சிலப்பதிகாரம் இவ்வழியே தெரிந்திருந்தது.

சடங்குகளின் ஒழுங்கைக் கவனியுங்கள். பொங்கலுக்கு இரண்டு வாரங்களுக்கு முந்திய திங்களில் பாக்குத்தெண்டல். விழாவுக்கு வேண்டிய பாக்கை மரபுப்படி கேட்டுப் பெறுவது இது. அடுத்த திங்களில் தீர்த்தம் எடுத்தல். முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலிலிருந்து புறப்படுவோர் முல்லைத்தீவுத் தீர்த்தக்கரைக்குச் சென்று கடல் நீரை எடுத்து வருவர். அந்தக் கடல் நீரிலேயே காட்டா விநாயகர் கோயிலில் ஏழு நாளும் விளக்கெரியும். ஞாயிறன்று விநாயகருக்குப் பொங்கல். அதன்பின் மடைப்பண்டங்கள் வற்றாப்பளைக்கு எடுத்துச் செல்லப்பட்டு, திங்கள் இரவு அம்மன் சந்நிதியில் வளந்து நேர்ந்து பொங்குவர். வளந்து என்பது பொங்கற் பானை. கோயிலைச் சுற்றிய வெளியெங்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தத்தம் அடுப்பை மூட்டும். வடக்கிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்களும் இப்பொங்கலைக் கண்டே தெற்கு நோக்கி நடப்பது வழக்கம்.

ஏன் வைகாசி? பெரும்போக நெல் வீட்டில் இருக்கிறது. வெயில் ஏறிவிட்டது. சோளகக் காற்று தொடங்குகிறது. குளம் வற்றுகிறது. அம்மையும் வெப்பு நோயும் பரவும் காலம். மதுரையை எரித்தவள் வெப்பத்துக்கு உரியவள். அவளைக் குளிர்வித்தால் நோய் தணியும், மழை வரும் என்பது நம்பிக்கை. மட்டக்களப்பு ஊர்களில் இதே வைகாசியில் கண்ணகைக்குக் குளிர்த்தி செய்வர். சிங்கள மக்கள் பத்தினித் தெய்யோவுக்கு எடுக்கும் 'கம்மடுவ' என்னும் சடங்கும் அறுவடையை அடுத்து நன்றியும் நலமும் வேண்டி நிகழ்வதே. கணநாத் ஒபேயசேகர 1984 இல் வெளியிட்ட பெருநூலில் இவ்வழிபாட்டை விரிவாக ஆராய்ந்துள்ளார். ஆக, முள்ளியவளைக் கமக்காரன் வைகாசியில் இரண்டு செயல்களை ஒரே பானையில் செய்கிறான். வந்த விளைச்சலுக்கு நன்றி சொல்கிறான். வரவேண்டிய மழைக்கு விண்ணப்பம் செய்கிறான்.

யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் (1822 - 1879) காலத்தில் எழுந்த சைவ மறுமலர்ச்சி, கண்ணகியைச் சைவ ஆகமத் தெய்வமாக ஏற்கவில்லை. சமணக் காப்பியத்தின் வணிகப் பெண்ணைக் கும்பிடுவதா என்ற கேள்வி எழுந்தது. குடாநாட்டில் கண்ணகை கோயில்கள் பல இராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி என்று பெயர் மாறின. வற்றாப்பளையில் அவள் கண்ணகையாகவே நிலைத்தாள். நெல்லோடும் நோயோடும் மழையோடும் பிணைந்த ஒரு தெய்வத்தின் பெயரை மாற்றுவது எளிதன்று.

இனி, இக்கட்டுரையின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நான் மேலே வருணித்த களத்தை இன்று முள்ளியவளையிற் போய்த் தேடினால் காணமுடியாது. சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் உழவு இயந்திரம் வந்தது. முதலில் உழுதது, பின்னர் களத்தில் எருமைக்குப் பதிலாகத் தானே சுற்றிச் சூடு மிதித்தது. பிணையலின் பின்னால் பாடிய குரல் அந்த இயந்திர இரைச்சலில் எடுபடவில்லை. போருக்குப் பிந்திய ஆண்டுகளில் அறுவடை இயந்திரங்கள் வயலுக்குள் இறங்கின. வெட்டுவதும் அடிப்பதும் தூற்றுவதும் ஒரே ஓட்டத்தில் முடிகின்றன. உப்பட்டி இல்லை, சூடு இல்லை, களம் இல்லை. களம் இல்லாதபோது பொலி என்ற சொல்லுக்கும் வேலை இல்லை. முதுகு முறிய வெட்டியவர்களைக் கேட்டால் இயந்திரத்தைக் குறைசொல்ல மாட்டார்கள். நாமும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் போனது எது என்பதை அறிந்திருக்க வேண்டும்.

இயந்திரம் ஒருபுறம் இருக்க, இந்த மண் கண்ட துயரம் வேறொன்று. 2004 டிசெம்பர் 26 இல் முல்லைத்தீவுக் கடல் எழுந்து ஊரை விழுங்கியது. இம்மாவட்டத்தில் மட்டும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். தீர்த்தம் எடுக்கும் கடலும் அதுவே. அடுத்த வைகாசியிலும் அம்மன் விளக்குக்கு அதே கடலின் நீர்தான் வேண்டியிருந்தது. உயிரைக் குடித்த நீரையே விளக்கில் ஊற்றவேண்டிய ஒரு சமூகத்தின் மனத்தை எந்தக் காப்பியம் பாடும்? பின்னர் 2009. போரின் கடைசி மாதங்களில் முள்ளியவளையும் வற்றாப்பளையும் ஆளற்றுப் போயின. மே மாதத்தில் போர் முடிந்த இடம் நந்திக்கடற் கரை. பாட்டிமாரின் கதையில் கடல் நீர் விளக்கெரிந்த அந்தக் கரையின் பெயரை உலகம் வேறொரு காரணத்துக்காக அறிந்துகொண்டது. தப்பியவர்கள் வவுனியாவை அடுத்த முகாம்களில் அடைபட்டு, நிவாரண அரிசியைச் சமைத்தார்கள். நெல் விளைவித்து ஊரூராய் அளந்து கொடுத்தவர்கள் கோப்பையோடு வரிசையில் நின்றார்கள்.

மீள்குடியேற்றத்தின் பின் மக்கள் திரும்பினர். எல்லோருக்கும் எல்லாக் காணியும் கிடைக்கவில்லை. 2017 இல் கேப்பாப்புலவு மக்கள் படையினர் வசமிருந்த தமது நிலத்தைக் கேட்டு வீதியோரத்தில் இரவும் பகலும் அமர்ந்திருந்ததை நாம் மறந்துவிடக்கூடாது. புதிர் எடுக்க வயல் வேண்டும். நிலமற்றவனுக்கு அறுவடைத் திருநாள் என்பது நாட்காட்டியில் உள்ள ஒரு விடுமுறை நாள் மட்டுமே.

ஆனால் வைகாசிப் பொங்கல் நின்றுவிடவில்லை. பாக்குத்தெண்டலும் தீர்த்தம் எடுத்தலும் வளந்து நேர்தலும் இன்றும் நடைபெறுகின்றன. களம் அழிந்தது, பொங்கல் பிழைத்தது. இதற்குக் காரணம் என்ன? பக்தி என்று ஒரே சொல்லில் விடை சொல்லிவிடலாம். அது முழு விடையாகாது என்பது என் எண்ணம். களத்துப் பாட்டு வேலையைச் சார்ந்திருந்தது. வேலை மாறியபோது பாட்டும் போயிற்று. வைகாசிப் பொங்கலோ ஆட்களின் கடமையைச் சார்ந்தது. பாக்குத் தெண்ட ஒருவர், தீர்த்தக் குடம் சுமக்க ஒருவர், மடைப்பண்டம் எடுக்க ஒருவர் என்று ஒவ்வொரு பணியும் யாரோ ஒருவருக்கு உரியது. அந்த ஒருவர் யாழ்ப்பாணத்தில் இருந்தாலும், கனடாவில் இருந்தாலும், அந்தத் திங்களில் தன் கடமையை நினைக்கிறார். ஊர் என்பது வீடுகளின் தொகுதி மட்டுமன்று; கடமைகளின் தொகுதியும் ஆகும். வீடுகளை இடித்த காலத்திலும் கடமைகள் இடிபடாமல் இருந்தன. அதனால் திரும்பி வந்தவர்கள் வெறும் நிலத்துக்கு வரவில்லை. ஒரு முறைக்குத் திரும்பி வந்தார்கள்.

இதிலிருந்து நமக்கு ஒரு வேலை பிறக்கிறது. பொங்கல் தன்னைத் தானே காத்துக்கொள்ளும். களம் அவ்வாறு காத்துக்கொள்ள இயலாதது. அதனை நினைவிற் சுமந்திருப்போர் முதியவர்கள். சூடு அடுக்கத் தெரிந்த கைகள், பிணையலின் பின்னால் பாடிய குரல்கள், பொலி அளக்கும்போது முதல் மரக்காலை 'ஒன்று' என்று எண்ணாமல் 'லாபம்' என்று எண்ணிய நாக்குகள் இன்னும் சில வீடுகளின் திண்ணையில் இருக்கின்றன. 1980 இல் ஒரு தொகுப்பு வந்ததனால் பண்டிப்பள்ளும் அரிவிச் சிந்தும் நமக்குக் கிடைத்தன. அந்த நூலில் இல்லாதவை எத்தனையோ. பாடசாலை மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியவரிடம் பத்துக் களச் சொற்களைக் கேட்டு எழுதினால், ஒரு வகுப்பு ஒரு சிறு அகராதியைத் தந்துவிடும். ஒலிப்பதிவுக் கருவி இன்று ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கிறது. கேட்பதற்கு மனம் மட்டுமே வேண்டும்.

நேயர்களே, அடுத்த தையில் உங்கள் வீட்டு முற்றத்தில் பானை பொங்கும்போது, வன்னியில் கதிர் இன்னும் வயலில் நிற்கிறது என்பதை ஒருகணம் நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் காவல் இருப்பவன் பொங்கி முடித்துப் பரணில் ஏறியிருப்பான். அவனுடைய நன்றி வைகாசியில்தான் வரும். நெல் வீட்டுக்கு வந்து, பங்கு பங்காகப் போய், கடனும் கூலியும் தீர்ந்து, எஞ்சியதில் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டு அவன் நந்திக்கடற் கரைக்குப் போவான். கடல் நீரில் எரியும் விளக்கின் முன்னால் அடுப்பை மூட்டுவான். என்ன வேண்டுவான் என்று கேட்கத் தேவையில்லை. இந்த ஆண்டு வந்ததுபோல அடுத்த ஆண்டும் திரும்பி வர வேண்டும் என்பதே அவனது வேண்டுதல். அந்த வேண்டுதலின் பொருள், அங்கிருந்து ஒருமுறையேனும் துரத்தப்பட்டவர்களுக்கு நன்றாகவே விளங்கும்.